இணையத்தில் விடை காண்பதும் கணக்குச் செய்யப் பழகுவதும்

க.பொ.த. (சாதாரண தரம்) – கணிதம்
அட்சரகணிதம், கேத்திரகணிதம் – சுயகற்றல் வழிகாட்டி



கணிதத்தில் ஒரு வினா விளங்காவிட்டால் அதனை ஆசிரியரிடமோ, மேல்வகுப்பு அண்ணா, அக்காமாரிடமோ கேட்டுத் தெளிவது வழக்கம். இன்று அந்த வினாவை இணையத்திலும் கேட்கலாம். வினாவைப் படம் பிடித்தால் சில விநாடிகளில் விடை தரும் செயலிகள் உள்ளன. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ இருந்து படிக்கும் ஒரு மாணவருக்கு, கணித ஆசிரியர் இல்லாத தவணைகளில் இது பெரிய உதவியாகும்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. பரீட்சை மண்டபத்தில் தொலைபேசி இருக்காது. கணிகருவியும் அனுமதிக்கப்படுவதில்லை. வினாத்தாள் I இற்கு இரண்டு மணித்தியாலங்கள், வினாத்தாள் II இற்கு மூன்று மணித்தியாலங்கள். அந்த ஐந்து மணித்தியாலங்களும் உங்களிடம் இருப்பவை பேனாவும் கேத்திரகணிதப் பெட்டியும் நீங்கள் செய்து பழகிய படிகளுமே. கணிதத்தில் சித்தி பெறுவது உயர்தர வகுப்புக்குச் செல்வதற்கான முக்கிய தகைமை. எனவே இணையத்தில் கிடைக்கும் விடையை உங்கள் கைப்பழக்கமாக மாற்றுவது எப்படி என்பதையே இப்பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

(குறிப்பு: பாடநூலில் ஆங்கில எழுத்துகளால் காட்டப்படும் தெரியாக்கணியங்களும் புள்ளிகளும் இங்கே தமிழ் எழுத்துகளால் காட்டப்பட்டுள்ளன. அ, ஆ என்பன தெரியாக்கணியங்கள். க, ச, த, ப முதலியன புள்ளிகள்.)

1. விடை மட்டும் போதுமா?

கும்பகோணத்தில் படித்த இராமானுசனுக்கு 1903 ஆம் ஆண்டில், ஏறத்தாழ உங்கள் வயதில், கார் என்பவர் எழுதிய கணித நூலொன்று கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. விரிவான நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. இன்றைய விடை தரும் செயலியைப் போன்ற நூல் அது. இராமானுசன் அந்த முடிவுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எப்படி வந்திருக்கும் என்று தானே செய்து பார்த்தார்.

பின்னர் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது, 1913 சனவரி 16 ஆம் திகதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தமது முடிவுகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஹார்டி வியந்து போனார். எனினும் அடுத்த மாதம் எழுதிய பதிலில் அவர் கேட்டது நிறுவல்களையே.

இராமானுசனிடமே நிறுவல் கேட்கப்பட்டது என்றால், நம்மிடம் பரீட்சகர் படிமுறை கேட்பதில் வியப்பில்லை. வினாத்தாள் II இல் ஒரு வினாவுக்குரிய புள்ளிகள் படிகளுக்குப் பிரித்தே வழங்கப்படும். இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு. படிகள் இல்லாமல் விடை மட்டும் எழுதியவர் அந்தப் புள்ளிகளை இழக்கிறார்.

2. இணையத்துக்குப் போகுமுன்

ஒரு வினாவுடன் குறைந்தது இருபது நிமிடம் நீங்களே முயலுங்கள். முயலும்போது கொப்பியில் பின்வரும் நான்கையும் எழுதுங்கள்.

(i) தரவு – வினாவில் தரப்பட்டவை எவை?
(ii) காணவேண்டியது அல்லது நிறுவவேண்டியது எது?
(iii) இதற்குத் தொடர்பான சூத்திரம் அல்லது தேற்றம் எது?
(iv) எந்தப் படியில் நின்றுவிட்டேன்?

நான்காவதே மிக முக்கியமானது. "இந்தக் கணக்கைச் செய்து தாருங்கள்" என்று கேட்பவருக்கு முழுக் கணக்கும் கிடைக்கும், பயன் கிடைக்காது. "காரணிப்படுத்தும் வரை வந்துவிட்டேன். இரண்டு விடை வருகிறது. எதை எடுப்பது, ஏன்?" என்று கேட்பவருக்கு அவருக்குத் தேவையான அந்த ஒரு படி விளங்கும். ஆசிரியரிடம் கேட்டாலும் செயலியிடம் கேட்டாலும் இதுவே முறை.

3. அட்சரகணிதம்

உதாரணம் 1 (அடைப்புக்குறியின் முக்கியத்துவம்)

அ + 3 என்பதன் அரைவாசி 5 ஆகும். அ ஐக் காண்க.

கொப்பியில் நாம் அ + 3 ஐ மேலேயும் 2 ஐக் கீழேயும் எழுதி நடுவில் கோடு போடுவோம். கணினியில் அந்தக் கோடு இல்லை. எனவே அடைப்புக்குறி இட்டே எழுதவேண்டும்.

சரியான பதிவு: (அ + 3)/2 = 5
அ + 3 = 10
அ = 7

பிழையான பதிவு: அ + 3/2 = 5
இதில் 3 மாத்திரமே 2 ஆல் வகுபடுகிறது.
அ = 5 − 1.5 = 3.5

கணினி பிழை விடவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் தந்தது. கேள்விதான் வேறு. ஆகவே திரையில் வந்த விடையை மூல வினாவில் பிரதியிட்டுப் பாருங்கள். 3.5 + 3 = 6.5, இதன் அரைவாசி 3.25. அது 5 அன்று. பிழை உடனே தெரிந்துவிடும்.

கவனிக்க: வர்க்கம், கனம் முதலிய அடுக்குகளைத் தட்டச்சு செய்யும்போது ^ என்ற குறியை இடுக.

உதாரணம் 2 (இருபடிச் சமன்பாடு)

செவ்வக வடிவ வயற்றுண்டு ஒன்றின் நீளம் அதன் அகலத்திலும் 30 மீ கூடியது. அதன் பரப்பளவு 4000 மீ². (இது ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.) வயலைச் சுற்றி வரம்பு கட்டுவதாயின் வரம்பின் மொத்த நீளத்தைக் காண்க.

தீர்வு:
அகலம் அ மீ என்க. எனவே நீளம் (அ + 30) மீ.
அ(அ + 30) = 4000
அ² + 30அ − 4000 = 0
அ² + 80அ − 50அ − 4000 = 0
அ(அ + 80) − 50(அ + 80) = 0
(அ + 80)(அ − 50) = 0
அ = −80 அல்லது அ = 50
அகலம் மறைப் பெறுமானமாக இருக்க முடியாது. ஆகவே அ = 50.
அகலம் 50 மீ, நீளம் 80 மீ.
வரம்பின் நீளம் = 2(50 + 80) = 260 மீ.

வாய்ப்புப் பார்த்தல்: 80 − 50 = 30; 80 × 50 = 4000. சரி.

இந்தச் சமன்பாட்டைச் செயலியில் இட்டால் −80, 50 என்ற இரண்டும் வரும். செயலிக்கு வயலைத் தெரியாது. சமன்பாட்டை மட்டுமே தெரியும். −80 ஐ ஏன் நீக்கினோம் என்ற வசனத்தை எழுதவேண்டியவர் நீங்கள். அத்துடன் "அகலம் அ மீ என்க" என்ற முதல் வரியும் உங்களுடையதே. வசனத்தைச் சமன்பாடாக மாற்றுவதே இக்கணக்கின் கடினமான பகுதி. அதனைப் பழகாமல் தீர்வை மட்டும் திரையில் பார்ப்பவர், பரீட்சையில் முதல் வரியிலேயே நின்றுவிடுவார்.

உதாரணம் 3 (வர்க்கபூர்த்தி)

√7 = 2.65 எனக் கொண்டு, அ² − 4அ − 3 = 0 என்ற சமன்பாட்டை வர்க்கபூர்த்தி மூலம் தீர்க்க.

தீர்வு:
அ² − 4அ = 3
அ² − 4அ + 4 = 3 + 4
(அ − 2)² = 7
அ − 2 = ±√7
அ = 2 + 2.65 அல்லது அ = 2 − 2.65
அ = 4.65 அல்லது அ = −0.65

செயலியில் இட்டால் 4.6457513 என நீண்ட எண் வரும். அதை அப்படியே எழுதினால் வினா கேட்ட முறையைக் கையாண்டதாகாது. "வர்க்கபூர்த்தி மூலம்", "காரணிப்படுத்தி", "வரைபின் உதவியுடன்" என வினாவில் வரும் சொற்களின் கீழ்க் கோடிடுங்கள். செயலி தரும் முறை வேறாக இருந்தால், அதன் விடையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்திக்கொண்டு, வினா கேட்ட முறையில் நீங்களே செய்யுங்கள்.

4. கேத்திரகணிதம்

கேத்திரகணித வினாக்கள் பலருக்குப் பயத்தைத் தருபவை. காரணம், அவற்றுக்கு இட்டுச் செய்யச் சூத்திரம் கிடையாது. இங்கே இணையம் வேறு வகையில் உதவுகிறது. ஒஸ்திரியா நாட்டைச் சேர்ந்த மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001 ஆம் ஆண்டில் ஆரம்பித்த ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளை மாணவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதில் ஓர் உருவை வரைந்து, உச்சியை விரலால் இழுத்தால் உருவம் மாறும். எல்லாம் மாறும்போது எது மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பதே இதன் பயன்.

செயற்பாடு

இணையத்திலுள்ள வரைபடமொன்றில் பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு ஆகிய மூன்று இடங்களையும் காண்க. பரந்தனையும் மாங்குளத்தையும் ஏ9 வீதி இணைக்கிறது. மாங்குளத்தையும் முல்லைத்தீவையும் ஏ34 வீதியும், பரந்தனையும் முல்லைத்தீவையும் ஏ35 வீதியும் இணைக்கின்றன. நாம் பேருந்தில் போய்வரும் வீதிகளே ஒரு முக்கோணியாக அமைந்துள்ளன. வீதிகள் வளைந்து செல்வதால் மூன்று இடங்களையும் நேர்கோடுகளால் இணைத்துக்கொள்க.

(அ) பரந்தன் – மாங்குளம் கோட்டின் நடுப்புள்ளியையும் பரந்தன் – முல்லைத்தீவு கோட்டின் நடுப்புள்ளியையும் குறிக்க.
(ஆ) அவ்விரு நடுப்புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க.
(இ) மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தூரத்தை அளக்க.

முதல் தூரம் இரண்டாவதன் அரைவாசிக்கு மிக அண்மையாக இருப்பதைக் காண்பீர்கள். இதுவே நடுப்புள்ளித் தேற்றம்: ஒரு முக்கோணியின் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்குச் சமாந்தரமாகும், நீளத்தில் அதன் அரைவாசியாகும்.

இணைய வசதி இல்லாதோர் தேசப்படப் புத்தகத்தில் வரைகோல் கொண்டு இதனைச் செய்யலாம்.

உதாரணம் 4

கசதப ஒரு நாற்பக்கல். கச, சத, தப, பக ஆகிய பக்கங்களின் நடுப்புள்ளிகள் முறையே வ, ந, ம, ர ஆகும். வநமர ஓர் இணைகரம் என நிறுவுக.

முதலில் உருவை வரையுங்கள். திரையில் வரைந்தவர்கள் ப என்ற உச்சியை இழுத்துப் பாருங்கள். நாற்பக்கல் நீளும், ஒடுங்கும், சரியும். ஆனால் உள்ளேயுள்ள உருவின் எதிர்ப்பக்கங்கள் எப்போதும் சமாந்தரமாகவே இருக்கும். ஏன்?

நடுப்புள்ளிகள் என்ற சொல்லைக் கண்டதும் நடுப்புள்ளித் தேற்றம் நினைவுக்கு வரவேண்டும். அத்தேற்றத்துக்கு முக்கோணி வேண்டும். உருவில் முக்கோணி இல்லை. எனவே நாமே உண்டாக்கவேண்டும். ஒரு மூலைவிட்டத்தை வரைந்தால் இரண்டு முக்கோணிகள் கிடைக்கும்.

அமைப்பு: கத ஐ இணைக்க.

நிறுவல்:
முக்கோணி கசத இல்,
வ, ந என்பன கச, சத இன் நடுப்புள்ளிகள் (தரவு)
∴ வந ∥ கத; வந = ½ கத (நடுப்புள்ளித் தேற்றம்) ——— (1)
முக்கோணி கதப இல்,
ம, ர என்பன தப, பக இன் நடுப்புள்ளிகள் (தரவு)
∴ ரம ∥ கத; ரம = ½ கத (நடுப்புள்ளித் தேற்றம்) ——— (2)
(1), (2) இலிருந்து, வந ∥ ரம; வந = ரம
∴ வநமர ஓர் இணைகரம் (ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமமும் சமாந்தரமும்)

கவனிக்க: திரையில் அளந்து பார்த்தபோது பக்கங்கள் சமமாக வந்தன என்பது நிறுவல் ஆகாது. நூறு உருவங்களை அளந்தாலும் நூற்றியோராவது உருவைப் பற்றி அளவை எதுவும் சொல்லாது. நிறுவல் எல்லா நாற்பக்கல்களுக்கும் பொருந்தும். அளவை "எதை நிறுவவேண்டும்" என்று காட்டும். தேற்றம் "ஏன்" என்று காட்டும். அடைப்புக்குறிக்குள் எழுதும் ஒவ்வொரு காரணத்துக்கும் பெறுமதி உண்டு. அவற்றைத் தவிர்க்காதீர்கள்.

5. தமிழில் தேடும்போது

இணையத்திலுள்ள தமிழ்க் கணிதப் பாடங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியவை. கணிதம் ஒன்றுதான், கலைச்சொற்கள் சில வேறு. இவ்வேறுபாடு தெரியாததால் நல்ல விளக்கங்களையும் "இது எங்கள் பாடம் இல்லை" என்று விட்டுவிடுவோர் உண்டு. பின்வரும் சொற்களை மனத்திற் கொள்க.

எமது பாடநூலில் – தமிழ்நாட்டுப் பாடநூலில்
அட்சரகணிதம் – இயற்கணிதம்
கேத்திரகணிதம் – வடிவியல்
முக்கோணி – முக்கோணம்
நாற்பக்கல் – நாற்கரம்
ஆரை – ஆரம்
செம்பக்கம் – கர்ணம்
ஒருங்கிசைவு – சர்வசமம்
இயல்பொத்த – வடிவொத்த

தேடும்போது இரண்டு சொற்களையும் இட்டுத் தேடலாம். ஆனால் விடைத்தாளில் எமது பாடநூற் சொற்களையே எழுதுங்கள்.

எமது பாடத்திட்டத்துக்கு உரியவற்றைப் பெற, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும், பாடநூல்களைத் தரவிறக்கம் செய்யக்கூடிய கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளமும் உள்ளன. இரண்டுக்கும் கட்டணமில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அவை பிழையான விடையையும் சரியான விடையைப் போலவே உறுதியாகச் சொல்லும். தேற்றத்தின் பெயரை மாற்றிச் சொல்வதும் உண்டு. அட்சரகணித விடையைப் பிரதியிட்டுப் பாருங்கள். கேத்திரகணித நிறுவலில் ஒவ்வொரு வரியின் காரணத்தையும் பாடநூலுடன் ஒப்பிடுங்கள். காரணம் சொல்ல முடியாத வரியை ஏற்காதீர்கள்.

6. ஒரு தொலைபேசி, பல மாணவர்கள்

எல்லார் வீட்டிலும் தொலைபேசி இருப்பதில்லை. இருந்தாலும் டேட்டா போடப் பணம் வேண்டும், வலையமைப்பும் கிடைக்கவேண்டும். இது குறையாகத் தோன்றினாலும் சேர்ந்து படிப்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

• பாடநூல், கடந்தகால வினாத்தாள், காணொளி ஆகியவற்றை வலையமைப்புக் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை தரவிறக்கிச் சேமித்துக்கொள்க.
• நான்கைந்து பேர் கொண்ட குழுவாக அமர்க. எல்லாரும் வினாவைத் தனித்தனியே செய்து முடிக்கும்வரை தொலைபேசி மூடியிருக்கட்டும்.
• விடைகளை ஒப்பிடுக. வேறுபட்டால், எந்தப் படியிலிருந்து வேறுபட்டது என்று தேடுக. அதன் பின்னரே தொலைபேசியைத் திறக்க.
• பார்த்த தீர்வை மூடிவிட்டு மறுபடியும் கொப்பியில் எழுதுக. ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை எழுதுக.
• விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு உண்மையில் விளங்கியதா என்பது தெரியும்.

சல்மான் கான் என்பவர் 2004 ஆம் ஆண்டில், தூரத்து நகரில் இருந்த உறவுக்கார மாணவி ஒருவருக்குத் தொலைபேசியும் கணினியும் கொண்டு கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்தும் கான் அக்கடமி அதிலிருந்தே வளர்ந்தது. தொழில்நுட்பத்துக்கு முன்னே அங்கு இருந்தது, ஒருவர் மற்றவருக்கு விளங்கும்வரை சொல்லிக் கொடுத்த பொறுமை. அது உங்கள் குழுவிலும் இருக்க முடியும்.

7. பயிற்சி

(1) (2அ − 1)/3 + 1 = 4 எனும் சமன்பாட்டைத் தீர்க்க. மாணவர் ஒருவர் இதனைச் செயலியில் 2அ − 1/3 + 1 = 4 எனப் பதிந்தார். அவருக்குக் கிடைத்த விடை யாது? அவர் விட்ட பிழை யாது?

(2) இரண்டு தென்னங்கன்றுகளினதும் மூன்று மாங்கன்றுகளினதும் விலை ரூபா 2700. ஒரு தென்னங்கன்றினதும் இரண்டு மாங்கன்றுகளினதும் விலை ரூபா 1600. ஒவ்வொரு வகைக் கன்றினதும் விலையைக் காண்க.

(3) ஒரு செங்கோண முக்கோணியின் பக்கங்கள் அ செமீ, (அ + 7) செமீ, (அ + 8) செமீ ஆகும். (அ + 8) செமீ செம்பக்கமாயின் பக்கங்களின் நீளங்களைக் காண்க.

(4) உதாரணம் 4 இல் கத = சப ஆயின், வநமர ஒரு சாய்சதுரம் என நிறுவுக.

விடைகள் (செய்து முடித்த பின்னரே பார்க்க)

(1) அ = 5. மாணவருக்குக் கிடைத்தது அ = 5/3. (2அ − 1) இற்கு அடைப்புக்குறி இடாமையால் 1 மாத்திரம் 3 ஆல் வகுபட்டது.
(2) தென்னங்கன்று ரூபா 600; மாங்கன்று ரூபா 500.
(3) அ² − 2அ − 15 = 0; அ = 5 அல்லது −3. நீளம் மறையாகாது. பக்கங்கள் 5 செமீ, 12 செமீ, 13 செமீ.
(4) குறிப்பு: சப ஐ இணைக்க. முக்கோணி சதப இல் நம = ½ சப. வந = ½ கத. கத = சப ஆதலால் இணைகரத்தின் அடுத்துள்ள பக்கங்கள் சமமாகின்றன. காரணங்களுடன் முழு நிறுவலையும் நீங்கள் எழுதுக.

மாணவர்களே! 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இந்த மண்ணின் மாணவர்கள் இடம்பெயர்ந்து மரநிழல்களிலும் கொட்டகைகளிலும் படித்தார்கள். முகாம்களில் இருந்தபடியே பரீட்சை எழுதியவர்களும் உண்டு. அவர்கள் கையில் இருந்தது ஒரு கொப்பியும் பழைய வினாத்தாள்களும். உங்களுக்கு அவற்றோடு இணையமும் கிடைத்திருக்கிறது. அதனிடம் விடையைக் கேளுங்கள், வழியையும் கேளுங்கள். கேட்ட வழியை உங்கள் கையால் ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள். பரீட்சை மண்டபத்துக்குள் உங்களுடன் வரப்போவது அதுவே.